துருசு கரைத்த காலமும் பாக்கெட் பிரிக்கும் காலமும்

புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் இன்று வலை என்றால் நைலான் வலை. பருத்தி நூல் வலை இருந்த நாளில் கரையில் ஒரு வேலை கூடுதலாக இருந்தது. பனிச்சங்காயை இடித்துப் பிழிந்த சாற்றிலோ, புளியங்கொட்டைத் தோலும் மரப்பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்த சாயத்திலோ வலையை ஊறப் போடுவார்கள். எடுத்து உலர்த்தி, மறுபடி ஊறப் போடுவார்கள். அந்தத் துவர்ப்பு நூலில் நன்றாக ஏறியிருந்தால்தான் உப்புத் தண்ணீரில் வலை மக்காமல் நிற்கும். சாயம் ஏறிய வலையைத் துருசு (காப்பர் சல்பேட்) கரைத்த நீரில் முக்கி எடுத்தால் இன்னும் நாள் தாங்கும் என்று மீன்வள ஆய்வாளர்கள் பிற்காலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எப்படிச் செய்தாலும் விதி ஒன்றுதான். வலை கடலில் இறங்கும் முன்பே பூச்சு ஏற வேண்டும். நூல் இற்றுப்போகத் தொடங்கிய பிறகு எதில் முக்கினாலும் அந்த வலை தேறாது.

நைலான் வந்தது, அந்த வேலை போயிற்று. இன்றைய வலைக்குக் காப்புப் பூச்சு வேண்டாம். ஆனால் இதே ஊரிலிருந்து மேற்கே வில்லியனூர், திருக்கனூர் பக்கமும், தெற்கே பாகூர் பக்கமும் போனால், மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கும் மிளகாய்க்கும் தென்னைக்கும் அந்தக் காப்பு இன்னும் வேண்டியிருக்கிறது. அன்றைக்கும் வேண்டியிருந்தது. இன்றைக்கு மருந்து கிடைப்பது எளிதாகிவிட்டது. அதைப் போட வேண்டிய நேரம்தான் நம் கையை விட்டு நழுவிக்கொண்டிருக்கிறது.

பெயர் தெரியாத நோய்

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக மல்லாட்டை பிரான்சின் மார்சேய் நகருக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆட்டவும் சோப்புக் காய்ச்சவும் அது தேவைப்பட்டது. அந்த வியாபாரத்தால் தென்னாற்காடு முழுக்க மல்லாட்டை பரவியது. அதே நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் விளைச்சல் படுத்து, சாகுபடிப் பரப்பும் சரிந்தது. வெளிநாட்டு விதை வந்த பிறகே பயிர் தலை நிமிர்ந்தது. கடலூர் பக்கத்தில் பாலூரில் 1905-ல் அரசு ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியதும் இந்தப் பயிரைக் கருத்தில் கொண்டுதான்.

இலையில் புள்ளி விழுந்தால் அன்றைய விவசாயி என்ன செய்தார்? அடுப்புச் சாம்பலைப் பனி ஈரத்தோடு இலைமேல் தூவினார். வயல் நடுவே வைக்கோல் பொம்மை கட்டி வைத்தார். அதற்கு மேல் செய்ய அவரிடம் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சாணம் காற்றில் வந்து, இலையின் ஈரத்தில் முளைத்து, உள்ளே வேர் விட்டுத் தின்கிறது என்பது உலகத்துக்கே அப்போதுதான் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

அதைப் பிடிபட வைத்ததில் இலங்கை மலைநாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1869-ல் மடூல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டத்தில் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி தெரிந்தது. அதுதான் கோப்பித் துரு நோய். தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப்போன கூலித் தொழிலாளர்கள் வெட்டித் திருத்திய மலைகள், இருபது ஆண்டுக்குள் கோப்பி இல்லாத மலைகள் ஆயின. 1880-ல் அங்கே அனுப்பப்பட்ட மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர், தோட்டத்தில் கண்ணாடிச் சில்லுகளைத் தொங்கவிட்டுக் காற்றில் வரும் வித்துக்களைப் பிடித்துப் பார்த்தார். இலையின் அடிப்புறத்துத் துளைகள் வழியாக அவை உள்ளே நுழைவதைக் கண்டார். நுழைந்துவிட்டால் வெளியே போடும் மருந்து எட்டாது. வித்து முளைக்கும் முன்பே இலைமேல் மருந்து இருக்க வேண்டும் என்றார். விதி சரியாகச் சொல்லப்பட்டுவிட்டது. இலைமேல் ஒட்டி நிற்கும் நல்ல மருந்துதான் அன்றைக்கு அவர் கையில் இல்லை. 1882-ல் அவர் இங்கிலாந்து திரும்பினார்.

அதே 1882 அக்டோபரில், பிரான்சின் போர்தோ நகருக்கு அருகே சேன் ஜூலியன் என்ற திராட்சை ஊரில் அந்த மருந்து தெருவோரமாகவே இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் 1878 முதல் பிரெஞ்சுத் திராட்சையை அழித்துக்கொண்டிருந்த சமயம். போர்தோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மிய்யார்தே அந்த வழியே போகும்போது, பாதையை ஒட்டிய கொடிகளில் மட்டும் இலை கொட்டாமல் பசுமையாக நிற்பதைக் கவனித்தார். இலைமேல் நீலப் படிவம். போகிற வருகிறவர்கள் பழம் பறித்துத் தின்னாமல் இருக்கத் துருசையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருப்பதாகத் தோட்டத்தில் சொன்னார்கள். தோட்ட மேலாளர் எர்னஸ்ட் தவிதும் வேதியியலாளர் கயோனும் கூட நிற்க, அவர் சோதனைகள் செய்து 1885-ல் வெளியிட்டதுதான் போர்டோ கலவை. இலங்கைக் கோப்பிக்கு அது காலம் தவறி வந்தது.

அந்தப் போர்தோவுக்கும் புதுச்சேரிக்கும் பழைய உறவு உண்டு. இங்கே நெய்து அவுரி நீலம் தோய்த்த கினே துணி போர்தோ வணிகர்கள் வழியாக ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போய், அங்கே பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. துணி போன வழியில் மருந்தின் சேதி இங்கே திரும்பி வரவும், அது சிறு விவசாயியின் கொல்லைக்கு எட்டவும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று.

கரைத்து அடித்த காலம்

தென்னிந்தியாவில் போர்டோ கலவை முதலில் வேர் பிடித்தது மலைத்தோட்டங்களிலும் பாக்குத் தோப்புகளிலும். மைசூர்ச் சமஸ்தானத்தில் மழைக்காலம்தோறும் பாக்குக் குலை அழுகிக் கொட்டும் நோய்க்கு, குலைகளை மூடாக்குக் கட்டிக் காப்பதுதான் வழக்கம். அங்கே பணிபுரிந்த லெஸ்லி கோல்மன் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போர்டோ கலவையைப் பரப்பினார். பருவமழைக்கு முன்னால் ஒரு தெளிப்பு, மழை நடுவே வெயில் கொடுக்கும்போது இன்னொரு தெளிப்பு என்ற அந்த முறை இன்றும் மாறவில்லை. காப்பித் தோட்டங்களிலும் மழைக்கு முன்னும் பின்னும் அடிப்பது வழக்கமாயிற்று. 1946-ல் தேயிலைக்குக் கொப்புள நோய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வந்தபோது, தேயிலை கோப்பியின் வழியில் போகாமல் காத்ததும் தாமிர மருந்துகள்தான்.

சமவெளியில் அது வெற்றிலைக் கொடிக்காலுக்கும் திராட்சைக்கும் தென்னைக்கும் வந்தது. ஒரு சதக் கலவை செய்யும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ சுண்ணாம்பு. சுண்ணாம்பு புதிதாக நீற்றியதாக இருக்க வேண்டும். காற்றுப் பட்டுப் பொடிந்து கிடந்தது ஆகாது. துருசைத் துணியில் முடிந்து, பாதித் தண்ணீரில் இரவே தொங்க விட்டால் காலையில் கரைந்திருக்கும். பாத்திரம் மண்பானை, மரத்தொட்டி, இன்றைக்கென்றால் பிளாஸ்டிக் டிரம். இரும்பு கூடாது. மீதித் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, கோணியில் வடிகட்டி, அதில் துருசு நீரை மெல்ல ஊற்றிக்கொண்டே கிளற வேண்டும். வான நீலத்தில் பால்போலத் திரளும். பிறகு சோதனை. பளபளப்பாகத் தீட்டிய கருக்கரிவாளை அதில் சற்று நேரம் முக்கி எடுக்க வேண்டும். இரும்பில் செம்பு நிறம் படிந்திருந்தால் துருசு மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். இன்னும் சுண்ணாம்பு விட வேண்டும். படியவில்லை என்றால் அடிக்கலாம். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே அடித்துத் தீர்க்க வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் அதற்கு ஒட்டும் சக்தி இல்லை.

இத்தனை பாடும் ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது. முந்தின இரவே துருசு ஊற வைக்கிறவர் நாளைக்கு மழையா வெயிலா என்று வானத்தைப் பார்த்தே ஆக வேண்டும். சுண்ணாம்புக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். தெளிப்பானை இரவல் கேட்க வேண்டும். புள்ளி கண்டபின் ஓடிப்போய் வாங்கி அடிக்கிற மருந்தாக அது இருக்கவே முடியாது. மருந்தின் கஷ்டமே விவசாயியை நோய்க்கு முன்னால் நிறுத்தியது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வெறுங்கையால் துருசு கரைத்தார்கள். முகத்தில் படிந்த நீலத்தைத் தலைத்துண்டால் துடைத்துக்கொண்டார்கள். மானாவாரி மல்லாட்டைக்காரருக்கு இந்தச் செலவும் இல்லை, தெளிப்பானும் இல்லை. புள்ளி விழுந்து இலை கொட்டிய கொல்லையில் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

பாக்கெட் வந்தது

1960-களில் மேங்கோசெப் வந்தது. தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மருந்து தயார். ஏக்கருக்கு 400 கிராம், 200 லிட்டர் தண்ணீர். எம்-45 என்ற பெயர் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து தக்காளித் தோட்டம் வரை எல்லோர் வாயிலும் ஏறியது. துருசும் சுண்ணாம்பும் கரைக்கும் பாடில்லாமல் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பொடியாகவே வந்தது. விதைக்குப் பூச திரம், கேப்டான் வந்தன. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் வந்தது. இவை எல்லாமே மேற்பூச்சு மருந்துகள். இலைமேல் படிந்து, அங்கே வந்து விழும் வித்து முளைக்கவொட்டாமல் தடுப்பவை. உள்ளே போகாதவை.

அடுத்து வந்தது ஊடுருவும் மருந்து. கார்பென்டாசிம் முதல் இன்றைய புதுப்புது மருந்துகள் வரை. இலைக்குள் இறங்கி, ஓரளவு நோய் நுழைந்த பின்னும் அதை நிறுத்துவதால் விவசாயிக்கு இவை பெரிய ஆறுதல். அந்த ஆறுதலோடு ஒரு மறதியும் வந்தது. மார்கழி, தை மாதங்களில் எந்த உரக்கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். வந்தவர் கையில் ஒரு பிடி மல்லாட்டைச் செடி. அடி இலை பூராவும் கருப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம்.

"அண்ணே, இதுக்கு இன்னா அடிச்சா நிக்கும்?"

"எத்தினி நாள் பயிரு?"

"அம்பது நாள் ஆவுது. இலை கொட்ட ஆரம்பிச்சிடுச்சி. ஒரே அடியில நிக்கறா மாதிரி குடுங்கண்ணே."

ஒரே அடியில் நிற்கிற மருந்து என்று ஒன்று இல்லை. விதைத்த முப்பது முப்பத்தைந்து நாளில், பனி இறங்கத் தொடங்கும்போது, இலை சுத்தமாக இருக்கையிலேயே மேற்பூச்சு மருந்து ஒன்று அடித்து, பதினைந்து நாள் கழித்து இன்னொன்று அடித்திருந்தால், ஐம்பதாம் நாளில் இந்தச் செடி கடைக்கு வந்திருக்காது. இப்போது மூன்று மருந்து கலந்து கொடுப்பார்கள். செலவு கூடும், கொட்டிய இலை திரும்பாது.

ஊடுருவும் மருந்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அது பூஞ்சாணத்தை ஒரே இடத்தில் தாக்குகிறது. அந்த ஒரு இடத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்துவிட்டால் பூஞ்சாணம் தப்பித்துக்கொள்ளும். 1970-களிலேயே உலகின் பல பகுதிகளில், மல்லாட்டைப் புள்ளி உட்பட, இது நடந்துவிட்டது. தாமிரமும் மேங்கோசெப்பும் பூஞ்சாணத்தின் உயிரணுவில் பல இடங்களை ஒரே சமயத்தில் கெடுக்கின்றன. அதனால்தான் 1885-ன் போர்டோ கலவை இன்றும் வேலை செய்கிறது. புதிய மருந்துகளோடு மேங்கோசெப்பையும் சேர்த்து ஒரே பாக்கெட்டாக விற்பதற்கு ஒரு காரணமும் இதுதான். பழையது காவலுக்கு நின்றால்தான் புதியது நாள் தாங்கும்.

மழை, பனி, ட்ரோன்

மேற்பூச்சு மருந்தின் பலமும் பலவீனமும் ஒன்றேதான்: அது வெளியே இருக்கிறது. படாத இடத்தில் காப்பில்லை. நேற்று அடித்தபின் இன்று துளிர்த்த இலைக்குக் காப்பில்லை. இலைக்கு அடிப்புறம் நனையாவிட்டால், அடிப்புறமாக நுழையும் நோய்க்கு வாசல் திறந்தே கிடக்கிறது. பலத்த மழை பெய்தால் படிந்தது கழுவிக்கொண்டு போகும்.

புதுச்சேரியில் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ-க்கும் மேல் மழை. வைத்திக்குப்பத்துக் கரையின் கருங்கல் மேலே அலை ஏறிய அதே இரவில், உள்ளூர் வயல்களில் முந்தின வாரம் அடித்த மருந்தில் ஒரு பொட்டும் மிஞ்சியிருக்காது. அப்படியொரு மழைக்குப் பின் தண்ணீரை வடித்துவிட்டுப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டும். தென்னையில் குருத்தைக் கவனிக்க வேண்டும். ஈரம் தங்கிய குருத்தில்தான் அழுகல் நுழையும். 1900-களின் தொடக்கத்தில் கோதாவரிப் பக்கத்துப் பனைகளில் இந்த நோயை ஆராய்ந்த தாவர நோயியலாளர் பட்லர்தான் அதற்குக் காரணமான பூஞ்சாணத்தை அடையாளம் காட்டினார். அழுகிய பாகத்தைச் செதுக்கி எடுத்துவிட்டுத் தடவும் போர்டோ பசை, ஒரு கிலோ துருசுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில், இன்றும் அதே வைத்தியம்தான். பக்கத்து மரங்களின் குருத்தில் மழைக்கு முன்பே ஒரு சதக் கலவை ஊற்றி வைப்பதுதான் அதைவிட நல்ல வைத்தியம். கடலோரக் குப்பங்களின் தென்னைக்கும் இதுவே பொருந்தும்.

இப்போது ட்ரோன் வந்திருக்கிறது. மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கான நடைமுறை விதிகளை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது. ஆள் கிடைக்காத காலத்தில் இது பெரிய வசதி. மருந்து நெடியில் ஒருவர் நடக்க வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய நன்மை. ஆனால் கைத்தெளிப்பான் 200 லிட்டரில் நனைத்ததை ட்ரோன் 10 லிட்டரில் முடிக்கிறது. ஊடுருவும் மருந்துக்கு அது போதலாம். மேற்பூச்சு மருந்துக்கு இலையின் அடிப்புறம் நனைந்ததா என்று இறங்கிப் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

தின்கிறவர் பங்கு

இந்த மருந்துகள் ஒன்றும் பால் அல்ல. தாமிரம் மண்ணில் அழியாது; நூறு ஆண்டுக்கு மேல் அடித்த பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களில் அது மண்ணிலேயே சேர்ந்து கிடக்கிறது. ஏழு ஆண்டுக்கு எக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் தாமிரம் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் இப்போது எல்லை வகுத்திருக்கிறது. மேங்கோசெப்புக்கான அனுமதியை அது 2020 டிசம்பரில் புதுப்பிக்க மறுத்தது. இந்திய அரசு 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு வெளியிட்டபோது மேங்கோசெப்பும் கேப்டானும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2023-ல் வந்த இறுதித் தடையில் மேங்கோசெப் இல்லை. கேள்வி இன்னும் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அதனால் வருமுன் அடிப்பது என்றால் வாரம்தவறாமல் அடிப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மழையும் பனியும் இல்லாத வாரத்தில் காப்புத் தேவையில்லை. விதைக்கு டிரைக்கோடெர்மா பூசி விதைப்பது, போன போகத்துச் சருகைக் கொல்லையில் விடாமல் எடுப்பது, மல்லாட்டைக்குப் பின் கம்போ எள்ளோ மாற்றிப் போடுவது, இவை மருந்துத் தெளிப்பைக் குறைக்கும். அடிக்கிறவர் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இறங்கக் கூடாது. அறுவடைக்கு முன் இத்தனை நாள் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை மீறி அடித்த காய் கூபேர் மார்க்கெட்டுக்கு வரக் கூடாது. மார்க்கெட்டில் வாங்குகிறவர்களும் ஒன்று செய்யலாம். மேற்பூச்சு மருந்து தோல்மேல் தங்குவது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி போகும். திராட்சையும் கொத்தமல்லியும் வாங்கினால் கழுவாமல் வாயில் போடாதீர்கள்.

வயலுக்கும் ஒரு எச்சரிக்கை

மாசி மகத்தன்று மயிலம் முருகனும் சுற்றுவட்டாரத்துச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும்போது, அவர்களோடு வயற்காட்டு மக்களும் வருகிறார்கள். கரையில் அவித்த மல்லாட்டை விற்கும். அன்றைக்கு அந்தக் கரையில் நிற்கும் இரண்டு தொழில்காரர்களுக்கும் வானம்தான் முதலாளி. ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றாக இல்லை. புயல் கூண்டு எண், காற்றின் வேகம், அலை உயரம், மீன் கிடைக்கும் இடம் என்று கடலுக்குப் போகிறவருக்கு அன்றாடம் தகவல் வருகிறது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் நிலையங்கள் தொடங்கியபோது, வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதைக் கேட்டு மீனவர்கள் கடலுக்குப் போவதா நிற்பதா என்று முடிவு செய்தார்கள்.

வயலுக்கும் அப்படி ஒரு அறிவிப்பு வேண்டும். வானிலைத் துறையின் வேளாண் ஆலோசனை இப்போதும் வருகிறது. அதைக் கொம்யூன் வாரியாகப் பிரித்து, பயிர் பெயரையும் நோய் பெயரையும் சொல்லி, கிராமத்து ஒலிபெருக்கியிலும் கைப்பேசிக் குரல் செய்தியிலும் அனுப்பினால் போதும்: அடுத்த நான்கு நாள் பனி, இலை ஈரம் தங்கும், முப்பது நாள் மல்லாட்டைக்கு இன்றைக்கே மேற்பூச்சு மருந்து அடியுங்கள். அல்லது: இந்த வாரம் வறட்சி, மருந்து வேண்டாம், காசை மிச்சப்படுத்துங்கள். புதுச்சேரி சிறிய யூனியன் பிரதேசம். வேளாண் துறையும் குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையமும் மனம் வைத்தால் ஒரே பட்டத்தில் இதைச் செய்துவிட முடியும்.

அதுவரை விவசாயிகள் தாமாகச் செய்ய ஒன்று உண்டு. புள்ளி விழுந்த செடியைப் பிடுங்கிக்கொண்டு கடைக்குப் போகும் வழக்கத்தை விடுங்கள். மழைச் சேதி கேட்ட அன்றைக்கு, இலை சுத்தமாக இருக்கும்போதே போங்கள்.